தாடிக்கு முடிவெட்டிய கதை

சலூன்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும், துணியைப் போர்த்திக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்ட கையோடு, தண்ணீர் பாட்டிலை எடுத்து நாலு பீச்சு பீச்சிவிடுவார். முடி நனைந்து படிந்துவிட்டால் தலை தன் ரகசியத்தையெல்லாம் தானே கக்கிவிடும் என்பார். சுழி எங்கே இருக்கிறது, வழுக்கை எந்தப் பக்கமாக எட்டிப் பார்க்கிறது, போன தடவை வெட்டியவன் எந்த இடத்தில் கோட்டை விட்டான், எல்லாமே. அப்புறம் சீப்பு, அப்புறம் கத்தரி, கூடவே வாய். இருபத்தாறு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. கத்தரி கையில் இருக்கும்போது பேசும் உரிமை அவருக்கு மட்டும்தான். இது கடையில் மட்டுமல்ல, வீட்டிலும் சட்டம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு நாய்க்குப் பெயர் தாடி. ஊர் மாறிப்போன ஒரு வாடிக்கையாளர் குட்டியாக விட்டுவிட்டுப் போனது. தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு முடி. குரைக்கும்வரை முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது.

"ஊர்த் தலையெல்லாம் உங்க கையில. உங்க வீட்டுத் தலை மட்டும் இப்படித் தொங்குதே?" என்று கடையில் சீண்டுவார்கள்.

"அது விளம்பரம் சார். என்கிட்ட வராம இருந்தா என்ன ஆகும்னு காட்டுறதுக்கு" என்பார் சலூன்காரர்.

உண்மையில் தாடியின் முடி அவர் மனைவியின் இலாகா. தினமும் சாயங்காலம் மடியில் போட்டு, அடிமுடி வரைக்கும் பிரித்துச் சீவிவிடுவாள். இந்த வருஷம் தங்கையின் பிரசவத்துக்குப் போனவள், மூன்று மாதம் தங்கும்படி ஆகிவிட்டது. போகும்போது சீப்பை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை. ஒரு கையில் சீப்பு, காதில் மீட்டிங், கண் திரையில். ஒரு நாள்கூடத் தவறாமல் சீவினாள்.

மனைவி வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள். பையைக் கீழே வைப்பதற்குள் தாடி ஓடி வந்து காலைச் சுற்றியது. மூன்று காலில் ஓடி வந்தது. இடது முன்னங்கால் தரையில் படவில்லை. அவள் அதன் வயிற்றடியில் விரலை விட்டாள். விட்ட விரல் திரும்பி வரவில்லை.

"ஏண்டி, நாய் வளர்த்தியா, மெத்தை தச்சியா?"

"தினமும் சீவினேன்மா. சத்தியமா."

"சீவியிருக்கே, மேலாக்க. அடியில பாரு, கம்பளியே நெய்யலாம்."

மேலே பட்டுப்போல் பளபளத்த முடிக்கு அடியில், தோலை ஒட்டி ஒரே சடை. முன்னங்கால் இடுக்கில் அது இறுகிப்போய்க் காலை மேலே இழுத்துப் பிடித்திருந்தது. மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

சனிக்கிழமை காலை நாய் டாக்டரிடம் போனார்கள். அவர் தாடியின் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"மயக்க ஊசி போட்டுத்தான் மழிக்கணும். வயசு பன்னிரண்டு ஆச்சு, இதயம் கொஞ்சம் தடுமாறுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா உறுதி சொல்ல முடியாது. திங்கக்கிழமை இந்தச் சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க."

சலூன்காரர் அந்தத் தாளைப் படித்தார். 'உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்' என்ற வரி வரைக்கும் படித்தார். அதற்கு மேல் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள வீட்டுலயே எடுத்துட்டா ஊசி வேணாமில்ல டாக்டர்? நானும் முடி வெட்டுற ஆளுதான்."

"எடுக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. மெஷின்லயே எடுங்க, கத்தரிய உள்ள விடாதீங்க, தோல் காகிதம் மாதிரி. அப்புறம் முக்கியமா இன்னொண்ணு..."

"தெரியும் டாக்டர்" என்ற சலூன்காரர், தாடியை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளியலறையில் இறங்கினார். முதலில் தண்ணீர். நாலு பீச்சு போதாது என்று நாலு வாளி. ஷாம்பு இரண்டு தடவை. மகள் கதவருகில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் இடுப்பில் மெஷினைச் செருகித் தயாராக நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

துவட்டிக் காயவைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மெத்தையாக இருந்த சடை, நனைந்து காய்ந்ததில் சுருங்கிப் பலகையாகிவிட்டது. கால் இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. மெஷினை வைத்தார். கடித்த இடத்திலேயே மெஷின் சிக்கி நின்றது. தாடி வலியில் திரும்பி, பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சலூன்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கைக்கு எந்தத் தலையும் பயந்ததில்லை. கொடியில் தொங்கிய சட்டையின் பையில் அந்தத் தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் மகள். "தண்ணி ஊத்தக் கூடாதாம். நனைஞ்சா இறுகிக்குமாம். போன்ல படிச்சேன்."

"எப்போ?"

"நேத்து ராத்திரி."

"நான் வாளி வாளியா ஊத்தும்போது வேடிக்கை பார்த்துட்டு நின்னியே!"

"நீங்க மெஷினோட நின்னீங்க. அப்போ பேசினா உங்களுக்குப் பிடிக்காது. அதுவும் இல்லாம, சீவத் தெரியாதவ நான். நாலு எழுத்துப் படிச்சுட்டு உங்க தொழிலயே உங்களுக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்டானு..."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தேடினார். தேடிப் பார்த்ததில் அது சுற்றிச் சுற்றி அவரிடமே வந்து நின்றது. சட்டம் போட்டவர் அவர்தானே?

"அட மக்கு பட்டதாரி. இனிமே நான் தப்பு பண்ணா கத்து. என் கையில கத்தரி இல்ல, அரிவாளே இருந்தாலும் கத்து. சரியா?"

"அரிவாள் இருந்தா ஓடித்தான் போவேன்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி.

"இவ்வளவு நாள் நானும் அதான் யோசிச்சேன், ஓடிப்போயிடலாமானு" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் நாள். சலூன்காரர் கடைக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தார்: 'வீட்டில் அவசர முடிவெட்டு.'

கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் பாயை விரித்தார்கள். மனைவி தாடியின் தலையை மடியில் வைத்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். மகள் டார்ச் அடித்தாள். சலூன்காரர் இருப்பதிலேயே சன்னமான பல் வைத்த பிளேடை மெஷினில் மாட்டி, கன்னத்தில் சவரம் செய்யும்போது செய்வதுபோல இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, சடைக்கும் தோலுக்கும் நடுவில் படுக்கையாகச் செலுத்தினார். மெஷின் முனகியது. தாடியும் உறுமியது.

"அப்பா, நிறுத்துங்க!" மகள் கத்தினாள். "மெஷின் சுடும்."

மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். சுட்டது. அணைத்து ஆறவைத்தார்.

"இன்னொண்ணு" என்றாள் மகள். "நீங்க ஏன் பேச மாட்டேங்கறீங்க? நேத்துலேருந்து தாடிகிட்ட வாயே திறக்கல. அதுக்கு உங்க கையை எங்க தெரியும்? குரல்தான் தெரியும்."

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "வாங்க சார், உட்காருங்க. ரொம்ப நாளாச்சு பார்த்து. எப்படி வெட்டணும்? ஷார்ட்டா, மீடியமா? பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

தாடியின் வால் பாயில் ஒருமுறை தட்டியது.

அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. மழை ஏன் பெய்யவில்லை, வாடகை ஏன் ஏறுகிறது, எதிர்க்கடைக்காரன் ஏன் தலைக்குச் சாயம் அடிக்கிறான், எல்லாம் தாடிக்குச் சொல்லப்பட்டன. கால் மணி நேரம் வெட்டு, கால் மணி நேரம் ஓய்வு. வயிறு முடிந்தது, முதுகு முடிந்தது. சாயங்கால வெயில் ஜன்னலைத் தாண்டும் நேரத்தில் கால் இடுக்கு மட்டும் மிச்சம். மனைவி காலை மெதுவாக விலக்கிப் பிடித்தாள். மகள் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தாள். அவர்கூட அந்த இரண்டு நிமிஷம் குரலைத் தாழ்த்தி, "அவ்வளவுதான் சார், காதோரம் மட்டும் சார்" என்று தாலாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே போனார். சடை ஒரு பழைய செருப்பைப்போல முழுசாகக் கழன்று பாயில் விழுந்தது.

தாடி எழுந்தது. இடது காலைக் காற்றில் வைத்துக்கொண்டு யோசித்தது. தரையைத் தொட்டுப் பார்த்தது. தொட்டால் வலிக்கவில்லை என்று தெரிந்ததும், மூன்று பேரையும் தாண்டிக் கூடத்தைச் சுற்றி ஆறு தடவை ஓடியது.

திங்கட்கிழமை டாக்டரின் மேஜைமேல் நின்றது பாதி எலி, பாதி ஆட்டுக்குட்டி போல ஒரு பிராணி. முதுகில் படிக்கட்டு, தொடையில் தீவு தீவாக முடி. ஆனால் தோலில் ஒரு கீறல் இல்லை, நாலு காலும் மேஜையில் ஊன்றியிருந்தன.

"ஊசி வேண்டாம்" என்றார் டாக்டர். "ஆனா, யாரு வெட்டினது இத?"

"கடைக்கு ஒரு புது ஆள் வந்திருக்கான் சார். இப்பத்தான் பழகுறான்" என்றார் சலூன்காரர். சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, கையெழுத்து இல்லாமல் மேஜையில் வைத்தார்.

"நல்ல வேளை. அன்னைக்கு நான் சொல்ல வர்றதுக்குள்ள ஓடிட்டீங்க. முதல்ல தண்ணி மட்டும் ஊத்திடக் கூடாதுன்னு..."

"தெரியும் டாக்டர்" என்றார் சலூன்காரர், மின்விசிறியைப் பார்த்தபடி.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தாடியும் நாலு காலில் அவள் பின்னாலேயே ஓடியது.