கேபிளை மிதித்து நின்றவள்

கோயில் மேடையில் செருப்பு கூடாது. என் கிட்டாருக்கான வால்வ் ஆம்ப்பின் ஃபுட் கன்ட்ரோலரை வெறுங்காலால்தான் அழுத்துவேன். அதன் கேபிள், சொருகும் இடத்தில் லூஸாகிக் கரகரக்கும். பக்கத்தில் நின்று பாடுகிறவள் பாட்டை நிறுத்தாமல் அதைக் கால் விரலால் அழுத்திப் பிடிப்பாள். கரகரப்பு அடங்கிவிடும்.

"ஒரு சால்டர் வெச்சு ஒட்டினா செரியாயிடும்ங்க. இன்னும் எத்தினி கச்சேரிக்கு மிதிச்சுக்கினே பாடறது?"

"ஆங், நாளைக்குப் பாக்கலாம்."

சரிசெய்தால் அவள் மேடையின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாளே.

பிறகு அவள் கல்யாணமாகி நகரிக்குப் போய்விட்டாள். கேபிளை அரக்கோணத்தில் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன். நேற்று கனகம்மாசத்திரத்தில் கச்சேரி. ஆம்ப்பில் ஒரு கரகரப்பும் இல்லை. புதிதாக வந்த பாடகர் மைக்கோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க," என்றேன். "இங்க கேபிள் லூஸா இருக்குது."