மெஷின் தானாகப் போட்ட வரிசை

என் அப்பா இஞ்ஞாசிமுத்து மலேசியாவில் செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். கோயில் மணியடிக்கிறவர் வராவிட்டால் அவர் அடிப்பார். குழி வெட்ட ஆள் குறைந்தால் அவர் இறங்குவார். கல்லறைத் திருநாளில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதும் அப்படி வந்து சேர்ந்த வேலைதான். ஒரு பழைய பள்ளி நோட்டு, நூற்று நாற்பது பெயர்கள், முதலில் புதைக்கப்பட்டவர் முதலில்.

1988-இல் நான் பினாங்கில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். ஃபங்ஷனல் வகை நிரல்மொழி ஒன்றைப் புதிதாகக் கற்ற திமிர். நோட்டு கிழிகிறது, அச்சடித்துத் தருகிறேன் என்றேன். ஒவ்வொருவருக்கும் வேலை, பெயர், இறந்த தேதி. வேலையில் கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் தண்டல், தொழிலாளி என மூன்றே வகை. யார் முன், யார் பின் என்ற விதியை நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் அந்த மொழி தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்: வகைகளில் நான் முதலில் எழுதியது முதலில். ஒரு வரி மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

கல்லறையில் அப்பா வாசிக்கத் தொடங்கினார். கிராணி, கிராணி, கிராணி. ஆறாவது பெயரில் நிறுத்தினார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நோட்டில் இருந்த வரிசையிலேயே மனப்பாடமாகச் சொன்னார். முதல் பெயர், பதினோரு நாள் வாழ்ந்த ஒரு குழந்தை. அதை நான் தொழிலாளியில் சேர்த்திருந்தேன்.

“ஏம்மா கேதரின், செத்தும் கிராணிதான் முன்னாலயா?” வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“அது மெஷின் தானா போட்டதுப்பா. நான் ஒண்ணும் சொல்லல.”

“நீ சொல்லாம அதுக்கு எப்படித் தெரியும்லா?”

“சொல்லலைன்னா, நான் எழுதி வச்ச வரிசைய எடுத்துக்கும்.”

“அப்ப நீதான் சொல்லியிருக்க.” சிரித்தார். “அந்தப் பதினோரு நாள் புள்ளைக்கு தோட்டத்துல எந்த நெரையம்மா குடுத்த, மரம் வெட்ட?”

மொழியின் மேல் குற்றமில்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். நிரலைத் திருத்த மட்டும் நேரமில்லை.

அடுத்த ஆகஸ்டில் அப்பா இறந்தார். நான் விட்டு வைத்த நிரலில் அவர் பெயர் கிராணிகளுக்கும் தண்டல்களுக்கும் பின்னால் நின்றது. திருநாளுக்கு முதல் நாள் அந்த ஒரு வரியை எழுதினேன்: தேதியை மட்டும் பார்.

“யார் வாசிக்கிறது?” என்றார் ஃபாதர். அப்பா இருந்தவரை இந்தக் கேள்வி எழுந்ததில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

நூற்று நாற்பதையும் வாசித்தேன். அடுத்த பெயர் வாயில் வரவில்லை.

“தாள்லதான் இருக்கே, வாசிம்மா,” என்றார் பக்கத்தில் நின்ற அகத்தா அக்கா. “யாருக்கும் அவசரமில்ல.”

“இஞ்ஞாசிமுத்து,” என்றேன்.