அரையும் காலும் மஞ்சள்

மலேசியாவில், பாலோ பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்புக்குப் பெரிய தொடுதிரை வந்ததும், பின்னத்துக்கு ஒரு புதிர்ப்போட்டி தயாரித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் நான்கு நிறங்களில் வரும். சரியானதைத் தொட்டால் கைதட்டல் கேட்கும். எங்கள் பள்ளியில் இணைய லைன் கிடைப்பதற்குள் பாடவேளையே முடிந்துவிடும். அதனால் ஒருமுறை இறக்கிவைத்த பத்துக் கேள்விகளையே மூன்று வாரம் ஓட்டினேன். எல்லாரும் முழு மதிப்பெண். பெருமையாகத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் மாவட்டக் கல்வி அதிகாரியையே வகுப்பைப் பார்க்க அழைத்துவிட்டார்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மின்சாரம் போய்விட்டது. சரியென்று வாயாலேயே கேட்டேன்.

"கவிதா, அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?"

"மஞ்சள், டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த தினேஷ், "ஆமா டீச்சர், மஞ்சள்தான். அடுத்தது பச்சை," என்றான்.

மூன்று வாரமும் நிறத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். விடைகளை இடம் மாற்றி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. எரிச்சல் பிள்ளைகள் மேல் இல்லை, என் மேல்தான். சிற்றுண்டிச்சாலையில் ரொட்டி சானாய் வாங்கிவந்து, துண்டு துண்டாகப் பிய்த்துக் காட்டி முதலிலிருந்து தொடங்கினேன். மறுநாள் அதிகாரி பார்த்ததும் அந்த ரொட்டிப் பாடத்தைத்தான்.

இப்போது கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகே திரையைத் தொட விடுகிறேன். நிறங்களையும் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறேன். எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினால், எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.