ஆணியில் தொங்கிய ஜடை

மொச்சை மசியலான ஃபூல் விற்கும் வண்டிக்காரன் மருந்துக் கடைக்காரரிடம் சொன்னதாக, மருந்துக் கடைக்காரரின் மனைவி மூன்றாம் மாடி தலாலிடம் சொன்னது இது: பார்லர் நடத்தும் இன்ஷிராவின் மகளை ஜின் பிடித்திருக்கிறது. பள்ளிக்கூட மணி அடித்தால் போதும், வாயில் நுரை தள்ள விழுந்துவிடுகிறாள். அதனால்தான் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லித் தருகிறார்கள்.

தலால் வம்பை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அதை நேராக இன்ஷிராவிடமே கொண்டுவந்தாள். அதுவும் இன்ஷிராவின் நாற்காலியில் உட்கார்ந்து, தலை முழுக்கச் சாயத்தோடு.

"நான் சொல்லலக்கா. காதுல விழுந்தது. இன்னொருத்தி, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சுன்னா. அவளையும் நான் நம்பல."

இன்ஷிரா சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஜின்னா? ஜின்னுக்காவது கொஞ்சம் ஈவிரக்கம் இருக்கும்டி. என் பொண்ணைப் பிடிச்சது ஜின் இல்ல, இக்லாஸ். அங்க பாரு."

தலால் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்ணாடிக்கு மேலே ஓர் ஆணி. அதில் கறுத்து நீண்ட ஒரு ஜடை தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ விற்பனைக்கு வைத்த சவுரி என்றுதான் தலால் இதுவரை நினைத்திருந்தாள்.

அலெக்ஸாண்ட்ரியாவில், பாக்கோஸ் டிராம் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தரைத்தளத்து முன்னறைதான் இன்ஷிராவின் பார்லர். பின்னறைகளில் குடும்பம். கணவன் மஹ்ரூஸ் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவன், சாது. ஒரே மகள் ருஃபைதா. சந்தின் மறுமுனையில் பள்ளிக்கூடம், அதற்கு எதிர்வீட்டு மாடியில் அரபி டீச்சர் இக்லாஸ். பிள்ளைகள் டீச்சரை 'அப்லா' என்பார்கள். காலையில் வகுப்பில் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். பாடமெல்லாம் சாயங்காலம் அவள் வீட்டு டியூஷனில்தான். டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு முன் பெஞ்சு. வராததுகளுக்குக் கடைசி பெஞ்சு, உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், கடல் காற்று எலும்பு வரை போகும் இடத்தில்.

ஐந்தாம் வகுப்பில் ருஃபைதாவும் டியூஷனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். இக்லாஸ் சொன்ன பக்கத்தையே திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறாள் என்று தெரிந்ததும் இன்ஷிரா நிறுத்திவிட்டாள். மறுநாளே பெண் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அது கூடப் பரவாயில்லை. குளிர்காலத்தில் ஒரு காலை, புயல் மழையில் ஓடிப்போய் வரிசையில் நின்றவளின் ரிப்பன் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. இக்லாஸ் அவளை எல்லார் முன்னாலும் மேடைக்கு அழைத்தாள்.

"உங்கம்மா ஊருக்கெல்லாம் தலை வாருறா. பெத்த பொண்ணுக்கு வார நேரமில்லையோ? வா, நான் இலவசமாவே பண்ணி விடறேன்."

அட்டை வெட்டுகிற கத்தரி. ஒரே வெட்டில் போகவில்லை, அறுத்து அறுத்துத்தான் எடுத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரித்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும். ருஃபைதா ஜடையைச் சாண்ட்விச் காகிதத்தில் சுற்றி, புத்தகங்களுக்கு நடுவில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

புகார் சொல்லப் போன இன்ஷிராவுக்குத் தலைமையாசிரியை தேநீர் வரவழைத்தாள். "அவங்க பிள்ளைங்களுக்கு அம்மா மாதிரி. அம்மா கண்டிக்க மாட்டாளா?" என்றாள். விசாரணை என்று வந்தபோது இக்லாஸ் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: பேன். பெண்ணின் தலையில் பேன் இருந்தது, மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தலை வாரிவிட்டுப் பிழைக்கிறவள் வீட்டில் பேன் என்றால் அப்புறம் யார் வந்து அந்த நாற்காலியில் உட்காருவார்கள்? அந்த மாதம் ஒரு கல்யாணப் பெண் கூட வரவில்லை. சீப்புகள் காய்ந்து கிடந்தன.

"போலீஸ்ல குடுத்துடலாம்" என்றான் மஹ்ரூஸ்.

"குடுத்தா என்ன ஆகும்? அங்க உக்காந்து ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு டீ குடிச்சிட்டுப் போவா. எனக்கு அது வேணாம். அவ என் வாசலுக்கு வரணும். நின்னு கெஞ்சணும். நான் அவ மூஞ்சில கதவைச் சாத்தணும். அதுவரைக்கும் இந்த ஜடை இங்கதான் தொங்கும்."

ஆணி அடித்தது அன்றுதான்.

பெண்ணை வீட்டிலிருந்து படிக்கும் மாணவி என்று பதிவு செய்தாள். பரீட்சைக்கு மட்டும் அதே பள்ளிக்குப் போனால் போதும். காரணம் என்ன என்று அலுவலகத்தில் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"யாருக்கு?" என்று கேட்டான் மஹ்ரூஸ். அன்று அவனுக்கு இரவுச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

இந்தக் கதையெல்லாம் சொல்லி முடித்தபோது தலாலின் சாயம் நெற்றியில் வழிந்திருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "என் ஹனாவுக்குச் சர்க்கரை வியாதிக்கா. நடுவுல ஒரு பேரீச்சம்பழம் வாயில போட்டுக்கணும். போட்டா, 'இது என்ன ஹோட்டலா'ன்னு வெளியில நிறுத்துவா. ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா. அப்பவும் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

"மன்னிப்பா? அதுவும் அவகிட்டயா? நாளைலேர்ந்து ஹனா இங்க வரட்டும். எனக்குக் கணக்கு வரும், வணிகப் பள்ளியில படிச்சவ. உனக்கு அரபி வரும். பேரீச்சம்பழம் நான் வாங்கி வெக்கிறேன்."

இப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் ஆணியைப் பார்த்தாள், கேட்டாள், இன்ஷிரா சொன்னாள், கேட்டவளும் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். மினா என்ற பையனுக்குத் திக்குவாய். அவன் வாசித்தால் இக்லாஸும் அவனைப் போலவே திக்கிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பாளாம். மினாம்மா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பையனை எடுத்துடறேன்" என்றாள். வக்கீல் மனைவி, பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கி உட்காரும் வகுப்பில் தன் பெண் என்ன படிக்கும் என்றாள். உண்மையில் அவளுக்கு விடியற்காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது. இன்ஷிரா எந்தக் காரணத்தையும் தரம் பிரிக்கவில்லை. பிள்ளை வந்தால் போதும். வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அங்கே குறைகிற பிள்ளை.

காலையில் பார்லருக்கு ஆள் வராது. முடி உலர்த்தும் தொப்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள்.

"இக்லாஸ் அப்லா வீட்டு டியூஷன்ல நாப்பது பேர். மாசம் மூணு பேர் விலகறாங்க. எத்தனை மாசம் ஆகும், மிச்சம் எத்தனை?"

"ப-ப-பதிமூணு மாசம். மிச்சம் ஒ-ஒண்ணு."

"சபாஷ் மினா. அந்த ஒண்ணு யாரு?"

"அப்லாவோட சொந்தப் பொண்ணு!" என்று ஹனா கத்தினாள். தொப்பிகளெல்லாம் ஆடும்படி சிரித்தார்கள். ருஃபைதா மட்டும் விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்காகக் காத்திருந்தாள்.

சொல்வதெழுதலும் அப்படித்தான். "அநியாயக்காரியின் வாசலில் புல் முளைக்கும்" என்று தொடங்கும். அறிவியலில் ஒட்டுண்ணி பற்றிப் பாடம் வந்தபோது இன்ஷிராவுக்கு உதாரணத்தைத் தேட வேண்டியே இருக்கவில்லை.

மஹ்ரூஸ் ஒரு நாள் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "நீ பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றியா, பட்டாளத்துக்கு ஆள் சேக்கறியா?"

"ரெண்டும்தான். தண்ணி கொண்டா."

பிள்ளைகள் போட்ட கணக்குப்படியே நடந்தது. இக்லாஸின் படிக்கட்டில் சாயங்காலச் செருப்புச் சத்தம் குறைந்தது. முதலில் ஓர் அறை பூட்டினாள், பிறகு இன்னொன்று. ஒரு நாள் பழைய சாமான்காரன் சந்துக்குள் கூவிக்கொண்டு வந்தான். அவன் வண்டியில் டியூஷன் பெஞ்சுகள் கவிழ்ந்து கிடந்தன. இன்ஷிரா கையில் சீப்போடு வெளியே வந்து வண்டியை நிறுத்தி, பேரமே பேசாமல் ஒரு பெஞ்சை வாங்கினாள். வாழ்க்கையில் அவள் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அது. பார்லரின் நடுவில் போட்டு, அதில் பிள்ளைகளை உட்கார வைத்தாள். அன்று ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் இக்லாஸ் வாசலுக்கு வரவில்லையே. காய்கறிச் சந்தையில் எதிரில் வந்தால் இக்லாஸ் தலையைக் குனிந்துகொண்டு போனாள். முகம் வாடியிருந்தது, கோட்டு பழசாகியிருந்தது. பார்த்த தலால், "போதும்க்கா, பாவமா இருக்கு" என்றாள். "பாவமா? கெஞ்சலயேடி இன்னும்" என்றாள் இன்ஷிரா. டியூஷன் காலத்தில் வாங்கிய இக்லாஸின் எண்ணைக் கைபேசியிலிருந்து அவள் அழிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தாள். இக்லாஸ் என்றிருந்த இடத்தில் இப்போது 'பேன்' என்றிருந்தது.

ருஃபைதாவின் முடி தோளுக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் தலையைக் கொடுக்கமாட்டாள், தானே வாரிக்கொள்வாள். காலையில் பள்ளி ஒலிபெருக்கியில் தேசிய கீதம் எழும்போது அவள் பேனா நின்றுவிடும். உதடு அசையும்.

"என்ன முணுமுணுக்கற?"

"ஒண்ணுமில்லம்மா."

சபிக்கிறாள் என்று இன்ஷிரா நினைத்துக்கொண்டாள். அவள் பெண்ணல்லவா.

ஆறாம் வகுப்புப் பரீட்சை வந்தது, முடிந்தது. முடிவு வந்த நாளில் பள்ளி வாசலில் ஒட்டிய தாளில் ருஃபைதாவின் பெயர் எல்லாப் பெயருக்கும் மேலே இருந்தது. மினாவும் ஹனாவும் தேறியிருந்தார்கள். இன்ஷிராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிவப்புச் சர்பத்தைக் குடம் குடமாகக் கரைத்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள். பிறகு பெண்களைத் திரட்டிக்கொண்டு இக்லாஸின் பால்கனிக்குக் கீழே போய் நின்று குலவையிட்டாள். நாக்கு வலிக்கும் வரைக்கும், தொண்டை கம்மும் வரைக்கும். மேலே ஜன்னல் கதவு மூடியே இருந்தது. மூடிய ஜன்னலைப் பார்த்தும் அவளுக்கு இன்பமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை தலாலுக்குச் சாயம் போட வேண்டியிருந்தது. கையுறை மாட்டி, கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்த இன்ஷிரா அப்படியே நின்றாள். ஆணி மட்டும் இருந்தது.

"தலால், நீ எடுத்தியா?"

"நான் ஏன்க்கா தொடறேன், எனக்கு அதைப் பாத்தாலே பயம்."

ருஃபைதா பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். "நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"எங்க வெச்ச?"

"அப்லாகிட்ட குடுத்துட்டேன்."

சாயக் குச்சி கிண்ணத்துக்குள் விழுந்தது. "யாரைக் கேட்டுக் குடுத்த?"

"என் முடிதானேம்மா."

தலால் சுவரைப் பார்த்தாள்.

"எப்ப குடுத்த?"

"நேத்து. நீ கீழ நின்னு குலவை போட்டப்ப நான் மேல அவங்க வீட்டுல இருந்தேன். மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. நீங்க போட்ட சத்தத்துல எனக்கு அவங்க பேசினதே சரியாக் கேக்கல. 'உங்கம்மா வாசலுக்கு வந்தா உள்ள விடுவாங்களா'ன்னு கேட்டாங்க. மாட்டாங்கன்னேன். அப்ப ஃபோன்லயாவது கேட்டுடறேன்னாங்க. இன்னிக்குக் காலைல."

"என்னத்தக் கேக்கப் போறா?"

"மன்னிப்பு. பேன் இல்லைன்னு தலைமையாசிரியை முன்னாடியே சொல்றாங்களாம்." ருஃபைதா வெள்ளரிக்காயைக் கீழே வைத்தாள். "அப்பறம் நான் ஏழாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் போறேன்மா. நீ கையெழுத்துப் போடணும்."

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கா? அவ இருக்கற எடத்துக்கா? உன்னை மொட்டையாக்கி நிறுத்தினவகிட்டயா?"

"அவங்க வெட்டினது ஒரு நாள்மா. நீ தினமும் தொங்கவிட்ட."

இன்ஷிரா கிண்ணத்துக்குள் விழுந்த சாயக் குச்சியை எடுத்தாள்.

"மன்னிக்கணும்னு சொல்லல" என்றாள் ருஃபைதா, குரலைத் தாழ்த்தி. "எடுத்துப் பேசு. திட்டணும்னா திட்டு. பேசி முடிச்சாத்தான் இந்த வீட்டுல வேற பேச்சு வரும். எனக்குக் கணக்குல கூட அவங்கதான் வர்றாங்க."

கொண்டை ஊசிகளுக்கு நடுவில் கிடந்த கைபேசி அடிக்கத் தொடங்கியது. அதிர்ந்து அதிர்ந்து ஊசிகளைத் தள்ளிக்கொண்டு பலகையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. திரையில் 'பேன்' என்று மின்னியது.

இந்த ஒரு நிமிடத்துக்காக இன்ஷிரா எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது ஒன்று, மீன் கழுவும்போது ஒன்று. வா, கெஞ்சு, இன்னும் சத்தமா கெஞ்சு. இப்போது அவள் வந்துவிட்டாள், வாசலுக்கு இல்லை, காதுக்கு. எடுத்தால் கேட்கலாம், அவள் குரல் உடைவதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்கலாம். கேட்ட பிறகு நாளைக் காலையில் இந்த பெஞ்சில் யார் உட்காருவார்கள்? எடுக்காவிட்டால் அவள் அங்கே கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு துடிக்கட்டும். அதுவும் இனிப்புதான். ஆனால் எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, தானே பின்னிய ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

"எடுக்கா" என்றாள் தலால், காற்றுக்குக் கூடக் கேட்காத குரலில்.

இன்ஷிரா கையுறையின் ஒரு விரலை உருவினாள். நிறுத்தினாள். மணி ஓய்ந்தது. சந்தின் மறுமுனையிலிருந்து பள்ளிக்கூடத்துக் காவல்காரன் வாசல் பெருக்கும் சத்தம் கேட்டது.

கைபேசி மறுபடி அடிக்க ஆரம்பித்தது.