அடி தெரிகிற தண்ணீர்: செங்கம் சாலையில் ஒரு நீச்சல் குளம்

திருவண்ணாமலை போகிறேன் என்றால் உடனே வரும் கேள்வி, "கிரிவலமா?" இந்த முறை இல்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கிளம்பியது ஒரு நீச்சல் குளத்துக்காக.

சாந்தியும் நானும் இருபத்து மூன்று வயதில் சென்னையில் ஒரே பெண்கள் விடுதியில் அறைத் தோழிகள். பக்கத்துப் பொதுக் குளத்தில் காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கேதான் இருவரும் நீச்சல் கற்றோம். ஈரத் தலையும் குளோரின் வாசனையுமாக ஆபீஸ் போவோம். வெளியே வந்ததும் பசிக்கும் பாருங்கள், அப்படி ஒரு பசி அதற்குப் பிறகு எனக்கு எடுத்ததே இல்லை. அந்த வாசனை பிடித்துப்போனதாலோ என்னவோ, குளங்களுக்கு மோட்டாரும் வடிகட்டியும் அமைக்கும் வேலைக்கே பின்னாளில் போய்விட்டேன். சாந்தி கல்யாணமாகிச் சொந்த ஊருக்குத் திரும்பி, ரமணாசிரமம் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறாள். பின்புறம் ஒரு குளம் உண்டு.

"பத்து, ஞாயித்துக்கெழம பொண்ணுங்களுக்கு நீச்சல் க்ளாஸ் ஆரம்பிக்கிறேன்டி. தண்ணி மட்டும் மோர் மாதிரி இருக்குது. மருந்து போட்டுப் போட்டு அலுத்துட்டேன். வந்து பாரேன்" என்று போனில் கூப்பிட்டாள். பத்து என்பது விடுதி நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிடும் பெயர். மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 165 கிலோமீட்டர். கட்டணம் இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், நான்கு மணி நேரப் பயணம். கீழ்பென்னாத்தூர் தாண்டும்போது இருட்டிவிட்டதால் மலை தெரியவில்லை. பஸ் நிலையத்திலிருந்து செங்கம் சாலைக்கு ஆட்டோ நூற்றிருபது.

சனிக்கிழமை காலை குளத்தைப் பார்த்தேன். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். ஆழம் ஒரு பக்கம் 90 சென்டிமீட்டர், மறுபக்கம் ஒன்றரை மீட்டர். சராசரி 1.2 என்று வைத்துக்கொண்டால் பத்தை ஐந்தாலும் 1.2-ஆலும் பெருக்க அறுபது கன மீட்டர், அதாவது அறுபதாயிரம் லிட்டர். மோட்டாரின் மேல் மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் என்று எழுதியிருந்தது. அப்படியானால் ஆறு மணி நேரத்தில் குளத்தின் அளவுக்குச் சமமான தண்ணீர் ஒருமுறை வடிகட்டிக்குள் போய் வந்துவிட வேண்டும்.

மோட்டாரில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. குளத்துச் சுவரில் ஒரு ஸ்கேலை ஒட்டினேன். தண்ணீர் வடிகட்டிக்குப் போகாமல் நேராக வெளியேறும்படி வால்வைத் திருப்பிப் பத்து நிமிடம் மோட்டாரை ஓட விட்டேன். மட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியது. ஐம்பது சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஐந்நூறு லிட்டர். மணிக்கு மூவாயிரம். ஒரு சுற்றுக்கு இருபது மணி நேரம் ஆகும். சாந்தி மோட்டாரை ஓட்டுவதோ தினம் ஐந்து மணி நேரம்.

"காவாசி தண்ணிதான் சுத்துது. மருந்து மேல மருந்து கொட்டி என்ன பண்றது?" என்றேன்.

முடி பிடிக்கும் கூடையில் பந்து பந்தாக முடியும் இலையும் அடைத்திருந்தது. அதை எடுத்தும் அளவு பெரிதாக மாறவில்லை. குழாயைத் தொட்டுக்கொண்டே போனேன். தரையிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாயின் வால்வு இறுக்கி மூடியிருந்தது.

"இத யாருடி மூடினது?"

"நான்தான்" என்றாள் சாந்தி. "அடில இருக்கிற ஜல்லட ஒடஞ்சிபோச்சு. ஒரு கெஸ்ட்டோட கொழந்த முங்கி அது மேல போச்சா, டிரெஸ்ஸ புடிச்சி இழுத்துக்கிச்சு. மோட்டார நிறுத்த சொல்லி கத்திட்டே குதிச்சி கொழந்தய வெளிய எடுத்தேன். அன்னிக்கே மூடிட்டேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடைந்த சல்லடையோடு திறந்து வைப்பதைவிடக் கலங்கிய தண்ணீர் மேல். ஆனால் மூடியே வைத்தால் தண்ணீர் சுற்றாது. புதுச் சல்லடை வாங்க ஏழுமலை என்பவரின் ஆட்டோவில் கிளம்பினோம்.

"கொளத்துக்கு ஜல்லடையா? இன்னாக்கா, எந்தக் கோயில் கொளம்?" என்றார்.

"கோயில் கொளம் இல்லீங்க, குளிக்கிற கொளம்" என்றேன்.

"இந்த ஊர்ல ரெண்டும் ஒன்னுதாங்க" என்று சிரித்தார். மூன்றாவது கடையில், கூடாரம் மாதிரி மேடாக எழும்பிய, எந்த உடம்பும் முழுக்க மூடி அடைக்க முடியாத வகைச் சல்லடை கிடைத்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு நானே இறங்கினேன். ஒன்றரை மீட்டர்தான், ஆனாலும் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. தடவித் தடவித் திருகாணி போட்டேன். மூச்சு முட்டும்போதெல்லாம் மேலே வந்தால் சாந்தி கரையில் குப்புறப் படுத்து, "ஸ்க்ரூவ கீழ விட்டுட்டியா? விட்டுட்டியாடி?" என்று கேட்டபடி இருந்தாள். இருபத்து மூன்று வயதில் கேட்ட அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

வால்வைத் திறந்து மறுபடி அளந்தோம். பத்து நிமிடத்தில் மூன்று சென்டிமீட்டர். மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டர், ஒரு சுற்றுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். வடிகட்டியின் மணலைக் கழுவி, மாலை நான்கு மணிக்கு மோட்டாரைப் போட்டு, இரவு முழுவதும் ஓட விட்டோம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. எட்டுச் சிறுமிகள், கூடவே அம்மாக்கள். ஆழம் குறைந்த பக்கம் தரை தெரிந்தது. ஆழமான பக்கம் இன்னும் பால். நான் சாந்தியைப் பார்த்தேன்.

"கம்மி ஆழத்துலயே எறக்கிக்கலாமே" என்றாள் மெதுவாக.

"ஒரு பொண்ணு நழுவி அந்தப் பக்கம் போனா நம்ம கண்ணுக்கே தெரியாது சாந்தி."

அவள் முகம் சுருங்கியது. எத்தனை வாரமாக வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்த்த கூட்டம். ஆனாலும் அம்மாக்களிடம் போய், இன்று யாரையும் இறக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

மஞ்சுளா என்ற அம்மாவுக்குக் கோபம். "வேன் வச்சிக்கினு வந்துருக்கிறோங்க. எங்க ஊரு கெணத்துல மட்டும் அடி தெரியுதா? பசங்க குதிக்கல?"

"அங்க அடி தெரியலீங்க. அதனாலதான் இங்க கூப்பிட்டேன்" என்றாள் சாந்தி.

பக்கத்திலிருந்த இன்னொரு அம்மா, போன வருடம் தங்கள் தெருப் பெண் ஒருத்தி நீச்சல் தெரியாமல் கிணற்றோடு போனதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

வந்தவர்களை வெறுமனே அனுப்பவில்லை. வீட்டிலிருந்த பேசின், வாளி எல்லாம் கரைக்கு வந்தன. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விட வேண்டும். அதுதான் முதல் பாடம். எங்கள் விடுதிக் குளியலறையில் ஒரே வாளியில் மாற்றி மாற்றி நாங்கள் பழகியதும் இப்படித்தான். எட்டுப் பேரும் கொப்பளித்த சத்தத்தில் அறை எடுத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குளம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒரு சுற்று முடிந்தால் எல்லாத் தண்ணீரும் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வடித்த தண்ணீர் வடிக்காததோடு கலந்துகொண்டே இருப்பதால், முதல் சுற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வடிகட்டிக்குள் போயிருக்கும். கலங்கிய குளம் தெளிய மூன்று நான்கு சுற்றாவது வேண்டும். தரைச் சல்லடையை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு தரைக் குழாய் உள்ள குளமானால், ஆள் இறங்கும்போது அந்த வால்வை மூடிவிட்டு, ஏறியதும் திறந்துவிடுங்கள். சாந்தி இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

மாலை ஐந்தரைக்கு நாலாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. ஆழமான பக்கத்தில் நான் மாட்டிய திருகாணிகளை மேலிருந்தே எண்ண முடிந்தது. கேட் சத்தம் கேட்டுத் திரும்பினால் மஞ்சுளா, மகளோடு. வேனில் திரும்பாமல் கோயிலுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பும் முன் வந்திருக்கிறார். கரையில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கீழ டைல்ஸ் கோடு கூட தெரியுதுங்களே" என்றார். பிறகு மகளின் கையை விட்டுவிட்டுச் சாந்தியைக் கேட்டார்: "பெரியவங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?"

சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. இருபத்து மூன்று வயதில் எங்களிடம் அதிகம் பணம் இல்லை, ஊர் தெரியாது, பயம் மட்டும் நிறைய இருந்தது. தினம் காலையில் குளத்தில் இருந்த ஒரு மணி நேரம் மட்டும் அந்தப் பயம் இல்லாமல் இருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பௌர்ணமி நாட்களைத் தவிர்த்தால் பஸ்ஸும் அறையும் சுலபமாகக் கிடைக்கும். குளம் உள்ள விடுதி என்றால், பணம் கட்டும் முன் ஆழமான பக்கத்தில் நின்று பாருங்கள். தரை தெரியவில்லை என்றால், விளம்பரப் படம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் இறங்காதீர்கள்.

நேற்று சாந்தியின் போன். வகுப்பு நன்றாகப் போகிறதாம்.

"மஞ்சுளா பொண்ணு எப்படி?" என்று கேட்டேன்.

"அது இன்னும் படிய விட்டு எறங்கலடி. அம்மாதான் மெதக்குறாங்க."