அடுக்களை முணுமுணுப்பு

காதுக்காரம்மா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காதுக்கருவி விற்கும் கடையில் வேலை. கருவியை மாட்டிப் பெரியவரை வீட்டுக்கு அனுப்பியதும் கடைக்காரரின் வேலை முடிந்தது. இவளுடையது அப்புறம்தான் ஆரம்பம். விற்ற கருவி எங்கேயாவது இழுப்பறையில் தூங்குகிறது என்று தெரிந்தால் இவளுக்குத் தூக்கம் வராது. வீடு தேடிப் போய்விடுவாள்.

"எடுத்த எடுப்புலயே கடைத்தெருவுக்குப் போட்டுட்டுப் போகாதீங்க. மொதல்ல ஒரு ரூமு, ஒரு ஆளு" என்பாள். பல வருஷம் சத்தமே கேட்காதவருக்குக் குழாய்த்தண்ணீர்கூட இடியாக இறங்கும், பழக வாரக்கணக்கில் ஆகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காதருகே போய்க் கத்தும் பிள்ளைகளைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். "எதிர்ல உக்காந்து பேசுங்க. காதுதான் மந்தம், புத்தி இல்ல."

அப்பேர்ப்பட்டவளுக்கே தண்ணி காட்டினார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். கருவியைத் திருப்பித் தரும் கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. வீடு தேடி வந்தவளிடம் "எடுத்துட்டுப் போயிடும்மா" என்று ஒரே பிடிவாதம். கொடுத்துவிட்டால் இன்னொரு தடவை மாட்டமாட்டார். புருஷனும் பெண்டாட்டியும் மிச்சக் காலத்தைச் சைகையிலேயே ஓட்டவேண்டியதுதான். அதை நினைத்தால் அவளுக்கு மனசே ஆறவில்லை.

"இரையுதா ஐயா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா."

அடுக்களையில் பாத்திரம் உருண்டது. அவர் கை தானாகக் காதுக்குப் போனது. பாத்திரச் சத்தம்தானோ என்று கருவியில் அதைக் கொஞ்சம் அடக்கிக் கொடுத்தாள். அப்போதும் கை இறங்கவில்லை.

தெருவுக்கே கேட்கப் பேசுகிற மனிதர், அன்றுதான் குரலைத் தாழ்த்தினார்.

"அவ என்னத் திட்டுறாம்மா. இத்தன வருஷமும் திட்டிட்டேதான் இருந்திருக்கா போல. கேக்காம இருந்தப்ப நிம்மதியா இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"திட்டுனதும் கழட்டிடுறீங்களா?"

"பின்ன?"

"அப்ப மீதியக் கேக்கவே இல்ல. டீ வர்ற வரைக்கும் கழட்டாதீங்க. அப்பவும் புடிக்கலேன்னா நானே எடுத்துட்டுப் போயிடுறேன்."

நாற்காலியை அடுக்களை வாசலருகே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். உள்ளே டிரைவரின் மனைவி, கேட்க ஆளில்லாமல் தனக்குத்தானே பேசிப் பழகிப்போனவர், வழக்கம்போல ஆரம்பித்தார்.

"செவிட்டு மனுஷன்... மிஷினு வாங்கி என்ன பிரயோசனம்..."

டிரைவரின் கை எழுந்தது. காதுக்காரம்மா தடுக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"...முட்டி வேற உயிர் போகுது. யாருகிட்டன்னு சொல்றது?"

அவர் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"முட்டி எப்பலேர்ந்து வலிக்குது?"

கரண்டி கீழே விழுந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். செவிட்டு மனுஷன் உள்பட."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவருக்கே தெரியவில்லை. டிரைவர் அடுப்பை அணைத்தார், நாற்காலியை இழுத்துவந்து அவரை உட்காரவைத்தார். காதுக்காரம்மா வெறும் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"போன மழைக்காலத்துலேர்ந்து" என்றார் அந்தம்மா, கத்தாமல்.

"ஏன் சொல்லல?" என்று கேட்கத்தான் டிரைவர் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.