மூன்று வீடு காட்டியவர்

துபாயில் மகளுக்கென்று பணம் கட்டியிருந்த வீடு வரவே வராது என்று தெரிந்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது. சிவகாசியில் ஆவணி மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளி ஆர்டர் கொடுக்க வடக்கிலிருந்து வியாபாரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைப் பட்டாசு கம்பெனிகளுக்குக் கூட்டிப்போய்ச் சரக்கு பிடித்துக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அன்று எந்த வியாபாரியின் போனையும் எடுக்காமல் போர்த்திக்கொண்டு கிடந்தேன்.

மகளும் மருமகனும் அங்கே வாடகை கொடுத்தே அலுத்துப்போய், கட்டப்போகிற அடுக்குமாடி ஒன்றில் வீடு வாங்க நினைத்தார்கள். முதல் தவணைக்கு என் மனைவி தன் நிலத்தை விற்றுத் தந்தாள். விஸ்வநத்தம் பக்கம் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த ஒன்றரை ஏக்கர். அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

மகள் முதலிலேயே ஒன்று சொன்னாள். காகிதங்களைப் பார்த்துச் சொல்ல அங்கே வக்கீல்கள் இருக்கிறார்கள், அதற்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றாள். தொகையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. வாயால் யோசனை சொல்வதற்கு இத்தனை காசா என்று போனிலேயே சத்தம் போட்டேன். நமக்குத்தான் சாத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறாரே! வெகுகாலமாகத் துபாயில் வீடு வாங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்பவர். ஒரு கல்யாண வீட்டில் பழக்கம்.

“உங்ககிட்ட ஒத்தப் பைசா வாங்க மாட்டேன் அண்ணாச்சி. வீடு விக்கிற கம்பெனிக்காரன் எனக்குக் குடுத்துருவான்” என்றார் அவர்.

கேட்டதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் தொழிலிலும் அதுதான் வழக்கம். வாங்குகிறவரிடம் நாங்கள் கை நீட்டுவதில்லை. எங்களுக்குக் கம்பெனி கொடுத்துவிடும். முறை தெரிந்த மனுஷன் என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டேன். என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

அவர் மகளையும் மருமகனையும் மூன்று இடங்களுக்குக் கூட்டிப்போனார். முதல் வீட்டின் விலை எட்டவில்லை. இரண்டாவதில் ரோட்டு இரைச்சல் தாங்கவில்லை. மூன்றாவது இன்னும் எழும்பவே இல்லை. விற்பனை ஆபீசுக்குள் மாதிரி வீடு ஒன்றை ஜோடித்து வைத்திருந்தார்கள். மகள் அதன் சமையலறையில் நின்று வீடியோ அனுப்பினாள். அடுப்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று மனைவி விசாரித்தாள். அந்த வாரமே தவணையைக் கட்டினோம்.

எட்டு மாதம் ஆகியும் அங்கே ஒரு தூண்கூட எழவில்லை. மகள் என்னிடம் கேட்காமலே ஒரு வக்கீலுக்கு ஃபீஸ் கட்டிக் காகிதங்களைக் காட்டினாள். அரை மணி நேரத்தில் அவர் சொல்லிவிட்டாராம். கட்டி முடியாத வீட்டுக்குக் கொடுக்கும் பணம், அந்தக் கட்டடத்துக்கென்றே பதிவான வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். எங்கள் பணம் அதில் விழவில்லை. இடையில் நின்று விற்ற கம்பெனியின் கணக்குக்குப் போயிருக்கிறது. அந்தக் கம்பெனியோ ஆபீசைப் பூட்டிவிட்டது. கேஸ் போடலாம், ஆனால் பணம் வரும் என்று சொல்ல முடியாதாம். மகள் இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள்.

உடனே சாத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

“நான் என்ன பொய் சொன்னேன் அண்ணாச்சி? மூணு காட்டுனேன். புடிச்சத நீங்கதான எடுத்தீக.”

போனை வைத்துவிட்டேன். வியாபாரிகளுக்கு நானும் மூன்று கம்பெனிதான் காட்டுவேன். முதலாவது, விலை கட்டாது என்று தெரிந்தே காட்டுவது. இரண்டாவதில் சரக்கு சுமாராக இருக்கும். மூன்றாவதுதான் எனக்குக் கமிஷன் கூட்டித் தருகிற கம்பெனி. வாங்கிய பெட்டிகளில் பாதி நமுத்துக் கிடக்கிறது என்று நாக்பூர் வியாபாரி ஒருவர் அழாத குறையாகச் சொன்னபோது நானும் இதே பதிலைத்தான் சொன்னேன், இதே நிதானத்தோடு. அந்த மனுஷனின் முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை. எனக்கு என்னை நினைத்தே பயமாக இருந்தது.

மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கத்துவாள், நிலத்தைச் சொல்லி அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அந்தாளு யாரு காசுக்குப் பேசுறாருன்னு எனக்கும் பிள்ளைக்கும்தான் தெரியல. உங்களுக்குமா தெரியாமப் போச்சு?” என்றாள்.

கஞ்சி ஆறும்வரை பதிலுக்காக அங்கேயே நின்றாள்.